படலையைப் பார்த்த செருப்புகள்

நாங்கள் அந்த ஒழுங்கைக்குக் குடிவந்த மூன்றாம் நாளே, பக்கத்து வீட்டுக்காரி தன்னை வெளியே போகச் சொல்லிவிட்டார் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். புது இடத்தில் அயலவரோடு முகம் கொடுத்துப் பழகவேண்டும் என்று நான்தான் அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். திருகோணமலையில் உள்துறைமுகத்தை நோக்கி இறங்குகிற வீதியிலிருந்து பிரியும் சின்ன ஒழுங்கை அது. எங்கள் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். அந்த அம்மா கதிரை இழுத்துப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி தந்து, நல்லபடியாகத்தான் கதைத்தார். இடையில் ஒருமுறை எழும்பி விறாந்தைப் பக்கம் போய் வந்தார். நாங்கள் விடைபெற்று வெளியே வந்தால், படியில் கழற்றிவிட்ட எங்கள் செருப்புகள் திரும்பிக் கிடந்தன. முனைகள் எல்லாம் வாசல் படலையைப் பார்த்தபடி, காலை நுழைத்தால் நேரே தெருவுக்குப் போய்விடலாம் என்பதுபோல.

"கண்டனியே பிள்ளை? தேத்தண்ணியும் தந்து, போ எண்டும் சொல்லிப்போட்டா."

"ஆற்றையோ கால் தட்டுப்பட்டிருக்கும் அப்பா."

"ரெண்டு சோடியும் ஒரே பக்கமாவோ?"

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. அப்பா ஓய்வுபெற்ற கிளாக்கு. கோபத்தைக்கூடக் கோவை போட்டு, இலக்கம் எழுதி வைத்திருப்பார்.

எனக்குக் காரணம் தெரியவர அதிக நாள் எடுக்கவில்லை. அன்ரி, அப்படித்தான் நான் அவரைக் கூப்பிட்டேன், ஒருவருடைய செருப்பையும் விட்டுவைப்பதில்லை. மீன்காரர் படியில் கழற்றிவிட்டுக் குசினிப் பக்கம் போய்ப் பாரையை வெட்டிக் கொடுத்துவிட்டு வருவதற்குள் அவருடைய தேய்ந்த றப்பர் செருப்பு திரும்பியிருக்கும். குர்ஆன் ஓதிக்கொடுக்க வருகிற லெப்பையின் செருப்புக்கும் அதே கதிதான். ஒருநாள் நான் நேரே கேட்டுவிட்டேன்.

"ஏன் அன்ரி, வாற ஆக்கள்ற செருப்பையெல்லாம் திருப்பி வைக்கிறீங்கள்?"

"பின்ன? மூக்கு உள்ளுக்குப் பார்த்துக் கிடந்தா, கூப்பிடுற நேரம் எப்பிடிப் போடுற? திரும்பி நிண்டு காலால துழாவ ஏலுமா?"

"ஆர் கூப்பிடப்போயினம்?"

அன்ரி என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். யாராவது எந்த நேரமும் கூப்பிடலாம் என்பது தெரியாத வீட்டில் நான் வளர்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் அவருக்குப் பட்டிருக்கவேண்டும்.

அவர்கள் மலாய்க்காரர். எங்கள் பக்கத்தில் ஜாவா ஆட்கள் என்போம். தங்களுக்குள் மலாய் பேசுவார்கள், எங்களோடு கிண்ணியா முஸ்லிம்களின் தமிழ், சந்தையில் சிங்களம். ஒல்லாந்தன் காலத்தில் கப்பலில் பட்டாளமாக வந்த ஒருவரிலிருந்து அன்ரியின் தலைமுறை தொடங்குகிறது. அதற்கு முந்தி அந்த மனிதர் என்ன செய்தார் என்று எவருக்கும் தெரியாது. கோட்டையில் வெள்ளைக்காரனுக்குத் துவக்குத் தூக்கினவர் பாட்டன், உலக யுத்தத்துக்குப் போனவர் வாப்பா, பிறகு அண்ணன்மார், இரண்டு நானாமார். கணவர் நேவியில் இருந்து, பென்சன் எடுத்து மூன்றாம் வருடம் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். மூத்த மகன் ஆமியில், நடுவிலான் நேவியில், கடைசியவன் மட்டும் இன்னும் வீட்டில். முன் அறைச் சுவரில் இவர்கள் எல்லாரும் வரிசையாகப் படத்தில் இருந்தார்கள். தொப்பிதான் மாறியிருந்தது, காது எல்லாருக்கும் ஒன்று.

அந்தச் சுவரின் கீழே இருந்து தேத்தண்ணி குடிப்பது எனக்கு லேசான காரியமாக இருக்கவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கந்தோருக்கு வேலைக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்டவேண்டும். என் சித்தியின் மகனை ஆமி பிடித்துக்கொண்டு போய், ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் சித்தி முகாம் முகாமாக அலைந்துகொண்டிருந்தார். அப்படியிருக்க நான் ஏன் அங்கே போனேன் என்றால், முதல் காரணம் பயம். பக்கத்தில் ஆமிக்காரர் வீடு இருந்தால் அவர்களோடு நல்லாக இருப்பது பாதுகாப்பு என்று நினைத்தேன். அன்ரியை எனக்குப் பிடித்துப்போனது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிச் சொன்னால் நான் கொஞ்சம் நல்லவளாகத் தெரிவேன், ஆனால் அது பொய்.

"உங்கட வீட்டில ஏன் எல்லாரும் ஆமி, நேவி எண்டே போயிருக்கினம்?" என்று அந்தப் படங்களைப் பார்த்து ஒருமுறை கேட்டேன்.

"உங்கட வீட்டுல ஏன் எல்லாரும் கிளாக்கு?"

தாத்தா துறைமுகக் கந்தோரில் கிளாக்கு, அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கு, நான் காணிக் கந்தோரில் கிளாக்கு. அது ஏன் என்று ஒருவரும் எங்களைக் கேட்டதில்லை. நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

காலை ஐந்தரைக்கு அன்ரி வீட்டு யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்கும், ஆறு தரம், ஒரே இடைவெளியில். மழையென்றாலும் அதுதான். படுக்கை விரிப்பு இழுத்துச் செருகப்பட்டிருக்கும். போர்வையின் மடிப்பு கதவைப் பார்க்கவேண்டும். விறாந்தையில் பத்திரிகை விரித்து அதன்மேல் சப்பாத்துகள். ஒழுங்கைக்குள் வந்து செவ்வரத்தைச் செடியை மேய்கிற மான்களைக்கூட அவர் கண்டபடி கலைக்கமாட்டார். மூன்று தரம் கை தட்டுவார், அவை போய்விடும். யார் வீட்டுக்குப் போனாலும் கதவுக்குக் கிட்டவுள்ள கதிரையில் இருந்து, பத்தாம் நிமிடம் எழும்பிவிடுவார். "ஆரும் வந்து வீட்டத் தட்டினா?" என்பார். இரண்டு மகன்மாரைக் கடலுக்கும் காட்டுக்கும் அனுப்பிவிட்டு இருக்கிறவருக்கு, செய்தியோடு வந்து தட்டக்கூடிய ஆள் யாரென்று எனக்கு விளங்க நாள் பிடித்தது.

துறைமுகத்துக்குள் யாரும் தண்ணீருக்கடியால் சுழியோடி வந்துவிடக்கூடாது என்று நேவி தண்ணீருக்குள் வெடி போடும். தரை ஒருமுறை இடித்து, அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கும். நான் ஒவ்வொரு தடவையும் எழும்பி நின்றுவிடுவேன். அன்ரி வெங்காயம் உரிப்பதை நிறுத்தமாட்டார்.

"ஒண்டுமில்ல புள்ள. நம்மட ஆக்கள்தான்."

நம்மட ஆக்கள். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைக்கும். நான் திரும்ப இருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்குவேன்.

அப்பாவின் கோபக் கோவை மூடப்பட்டது ஆமியின் ஒரு சுற்றிவளைப்பு நாளில். விடிந்தும் விடியாத நேரம் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஆண்கள் எல்லாரும் விளையாட்டுத் திடலுக்கு வரவேண்டும், உடனே. வாசலில் துவக்கோடு நின்ற ஆமிப் பெடியன் "உடனே" என்பதைக் கையால் காட்டினான். அப்பாவின் செருப்பில் ஒன்று வாங்குப் பலகைக்கு அடியில் போயிருந்தது. தேட விடவில்லை. அறுபத்திரண்டு வயது மனிதர் வெறுங்காலோடு போனார். முகமூடி போட்ட ஒருவன் முன்னால் வரிசையாக நடக்கவேண்டும், அவன் தலையாட்டினால் ஆள் தனி வரிசைக்குப் போகும். எல்லாருக்கும் தெரிந்த நடைமுறைதான். நான் படியில் இருந்து அழுதேன்.

பத்து மணிபோல அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, படியைப் பார்த்தார்.

"உங்கட வாப்பா வெறுங்காலோடயா போன?"

"ஓம் அன்ரி."

"மணல் இப்ப கொதிக்குமே."

செருப்பைத் தேடியெடுத்து, பத்திரிகையில் சுற்றி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டார். நான் பின்னால் ஓடினேன். திடல் வாசலில் நின்ற காவலாளியிடம் சிங்களத்தில் கதைத்தார். கெஞ்சவில்லை, அதட்டவுமில்லை, கணவருடைய சேவை இலக்கத்தைப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொன்னார். காவலாளி நிமிர்ந்து நின்றான். ஓர் அதிகாரி வந்தார். கால்மணி நேரத்தில் அப்பா செருப்போடு வெளியே வந்தார்.

"என்ன அன்ரி சொன்னீங்கள்?"

"செருப்புக் குடுக்க வந்தன் எண்டன். மிச்சத்த அவங்களே கேட்டாங்க."

மற்றவர்கள் மாலையில்தான் வந்தார்கள். எங்கள் ஒழுங்கை மூலையில் தையல்கடை வைத்திருந்தவர் வரவேயில்லை. அவருடைய மனைவி அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை, நானும் அவவின் முகத்தை நேரே பார்த்ததில்லை. அப்பா மட்டும் அடுத்த நாள் காலை செருப்பைக் கழுவி, முனை படலையைப் பார்க்க வைத்தார். நான் பார்த்துவிட்டதைக் கண்டு, "வசதிக்குத்தான்" என்றார்.

அடுத்த வருடம் அன்ரியின் மூத்தவன் வடக்கில் செத்துப்போனான்.

முதலில் கேள்விப்பட்டபோது எனக்குள்ளே வந்தது துக்கம் இல்லை. சித்தியின் மகனை நினைத்தேன். அவர்களுக்கும் தெரியட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான், ஆனால் நினைத்தேன். பிறகு பெட்டி வந்தது. திறக்கக்கூடாது என்று ஈயம் வைத்து மூடியிருந்தார்கள். ஒழுங்கை முழுக்க வந்திருந்தது. நானும் அப்பாவும் போனோம். தையல்காரரின் மனைவி வரவில்லை.

பெட்டியைப் பள்ளிவாசலுக்கு எடுத்துக்கொண்டு போனபின், பெண்கள் எல்லாரும் உள்ளே இருந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். அன்ரி எழும்பி வெளியே வந்தார். முற்றத்தில் நாற்பது ஐம்பது சோடிச் செருப்புகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவர் குந்தியிருந்து ஒவ்வொரு சோடியாக எடுத்துத் திருப்பி வைக்கத் தொடங்கினார். யாராவது தடுக்கவேண்டும் என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம், ஒருவரும் தடுக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு நீல றப்பர் செருப்பு கிடந்தது. கடைசி மகனுடையது. பதினெட்டு வயது, சின்னவன் என்பார்கள். அவசரத்தில் வெறுங்காலோடு பெட்டி தூக்கப் போயிருந்தான். அன்ரி அதைக் கையில் எடுத்து, வெகுநேரம் வைத்திருந்து, முனை வீட்டைப் பார்க்க வைத்தார். அந்த முற்றத்தில் உள்ளே பார்த்துக் கிடந்தது அது ஒன்றுதான்.

அன்றைக்குப் பிறகு அவர் சின்னவனைக் கெடுக்கத் தொடங்கினார். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

காலையில் ஐந்து யன்னல்தான் திறந்தன. ஆறாவது சின்னவனின் அறை. அவன் எட்டு மணிவரை படுக்கட்டும் என்று விட்டுவிட்டார். அவன் படுத்திருக்க, இவர் குசினிப் படியில் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருப்பார். ஏழரை மணியளவில் தலையிடி வந்துவிடும். அவன் போர்வையை மடிக்கப் போனால், "விடு, கிடக்கட்டும்" என்பார். சப்பாத்துக்குப் பொலிஷ் வாங்குவதை நிறுத்தினார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அவன் கசங்கின சேட்டோடு போனான். தலைமயிர் காதை மூடியது. உறவுக்காரர்கள் வந்து, தகப்பன் இல்லாத பிள்ளை தறுதலையாகப் போகிறது என்று புத்தி சொன்னார்கள். அன்ரி சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் எங்கே கழற்றினாலும் அவனுடைய செருப்பை மட்டும் உள்ளே பார்க்கத் திருப்பினார்.

"நான் இந்த வீட்டுல ஒருத்தனையும் போ எண்டு சொல்லேல்ல புள்ள," என்றார் ஒருநாள். "வாப்பாவும் சொல்லேல்ல, அவருட வாப்பாவும் சொல்லியிருக்கமாட்டார். ஆனா இந்த வீட்டுல பொறந்தவனுக்கு அங்க போனா ஒண்டும் புதிசா இரிக்காது. காலையில எழும்புற, மடிக்கிற, கூப்பிட்டா ஓடுற, எல்லாம் நான் குடுத்தது. அவங்க துவக்க மட்டும்தான் குடுத்தாங்க."

சின்னவனுக்கு என்ன ஆசை என்று நான் கேட்டேன். அவனுக்குக் கந்தோர் வேலை எடுத்துக்கொடுக்கவேண்டும் என்றார்.

அதற்கு அவர் கண்ட வழி, அவனைத் தினமும் எங்கள் வீட்டுக்கு அனுப்புவது. "உங்கட வீட்டுப் பழக்கம் கொஞ்சம் அவனுக்குத் தொத்தட்டும்," என்றார். தும்மல் தொற்றுவதுபோல கிளாக்கு வேலையும் தொற்றும் என்று உண்மையாகவே நம்பினார். அவன் வந்தான். சரியாக நாலு மணிக்கு வருவான், ஒரு நிமிடம் பிந்தமாட்டான். கதவடிக் கதிரையில் முதுகு சாயாமல் இருந்து அப்பா பத்திரிகை வாசிப்பதைப் பார்ப்பான். நல்ல பெடியன். என்னை அக்கா என்பான், அப்பா கேட்காமலே கிணற்றில் தண்ணி அள்ளி வைப்பான். ஆறு மாதம் போனது. அவனுக்கு எங்களிடமிருந்து ஒன்றும் தொற்றவில்லை. அப்பாதான் காலையில் போர்வையை மடித்து வைக்கத் தொடங்கியிருந்தார்.

மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டோம். நானே நிரப்பினேன். ஓர் இடத்திலிருந்தும் பதில் இல்லை. தெரிந்த ஆள் இல்லாமல் கடிதம் வராது என்று ஊர் முழுக்கச் சொன்னது. எனக்கு மேலதிகாரியைத் தவிர ஒருவரையும் தெரியாது, அவருக்கு என்னையே சரியாகத் தெரியாது. அப்போதுதான் அன்ரிக்கு ஒரு யோசனை வந்தது. கணவரோடு ஒரே கப்பலில் இருந்த ஒருவர் இப்போது கொழும்பில் பெரிய பதவியில் இருந்தார். மூத்தவனின் மௌத்து வீட்டுக்கும் வந்தவர். என்ன உதவி என்றாலும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர்.

"இங்கிலீசுல வடிவா ஒரு கடிதம் எழுது புள்ள. என்ர கடைசி மகன். கதிரையில இருந்து செய்யிற வேல. துவக்கு வேணாம், கப்பல் வேணாம். பேனை பிடிக்கிற வேல எண்டு தெளிவா எழுது."

நான் கந்தோர் தட்டச்சில் மதிய இடைவேளையில் அடித்தேன். நன்றாக எழுதினேன் என்று பெருமைகூடப்பட்டேன். நான் கிளாக்கு. கதிரை என்றால் எனக்குக் கதிரைதான், அது எந்தக் கட்டடத்துக்குள் கிடக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. அன்ரிக்கும் தோன்றவில்லை. பெரிய ஆட்கள் என்றால் எந்தக் கந்தோரிலும் ஆள் சேர்ப்பார்கள் என்று இருவரும் நினைத்தோம்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு வேகமாக எங்கள் ஒழுங்கைக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். கேட்டபடியே பேனை பிடிக்கிற வேலை, கதிரையில் இருந்து செய்கிற வேலை, துவக்கும் இல்லை, கப்பலும் இல்லை. நேவியில். பயிற்சி முடிய முகாம் கந்தோரில் கோவைகள் பார்க்கவேண்டும். வெள்ளைச் சீருடை. தன் பழைய நண்பரின் மகன் தகப்பனின் வழியில் வருவது தனக்குப் பெருமை என்று கீழே கையால் எழுதியிருந்தார்.

நான்தான் வாசித்துச் சொன்னேன். அன்ரி இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கி மேசையில் வைத்து, மேசையின் ஓரத்துக்கு நேராகச் சரிப்படுத்தினார்.

"கிழிச்சுப் போடுவமோ அன்ரி?" என்றேன். சின்னவன் வீட்டில் இல்லை.

"கிழிச்சா?"

"அவனுக்குத் தெரியாதுதானே. வேற இடம் பாப்பம்."

"வேற ஆரக் கேக்கிற புள்ள? எனக்கு வேற ஆரத் தெரியும்?" என்றார். குரல் உயரவில்லை. "இருநூறு இருநூத்தம்பது வருசமா எங்கட ஆக்கள் ஒரே கதவத்தான் தட்டியிருக்காங்க. மத்தக் கதவெல்லாம் எங்க இரிக்கு எண்டே எனக்குத் தெரியாது. போகாதடா எண்டு இவன ரெண்டு வருசம் பொத்திப் பிடிச்சன். கடைசியில நானே போய் அந்தக் கதவத் தட்டி, இவன நீட்டியிருக்கன்."

நான் அவர் கையைப் பிடித்தேன். கடிதம் அடித்தது என் கைதான் என்பது வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அவர் அதைச் சொல்லிக் காட்டியதேயில்லை.

சின்னவன் வந்து வாசித்தான். முகம் மலர்ந்ததை மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. "மேசை வேலைதானே உம்மா," என்றான். அன்ரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தடுத்தால் அவன் தானாகவே போய் ஆமிக்கு ஆள் எடுக்கிற வரிசையில் நிற்பான், அந்த வரிசையில் மேசை கிடைக்காது, அதனால்தான் பேசாமல் இருந்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அவன் புறப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலை ஐந்தரைக்கு நான் விழித்துக்கொண்டு யன்னல்களை எண்ணினேன். ஆறு. முதலில் திறந்தது அவனுடைய அறை யன்னல். கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அப்பாலிருந்து அன்ரி கூப்பிட்டார்.

"புள்ள, இஞ்ச ஒருக்கா வந்து பாரு."

அவனுடைய கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. போர்வையின் மடிப்பு கதவைப் பார்த்தது. விறாந்தையில் பத்திரிகை விரித்து, அதன்மேல் தகப்பனுடைய பழைய சப்பாத்து, முகம் தெரிய மினுக்கியபடி. முனை படலையைப் பார்த்தபடி.

"நீங்கள் வைச்சதோ?"

"அல்லாவுக்காக, நான் தொடேல்ல."

சின்னவன் தலை துடைத்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து வந்தான். மயிரை முதல்நாளே ஒட்ட வெட்டியிருந்தான். சுவரில் இருந்த அதே காது இரண்டும் வெளியே வந்திருந்தன.

"இதெல்லாம் ஆர் உனக்குப் பழக்கினது?" என்று கேட்டேன்.

"பழக்கவா?" அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சின்னனில இருந்து பாத்ததுதானே அக்கா. உம்மா ரெண்டு வருசம் செய்ய விடேல்ல, அவ்வளவுதான்."

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். காலம் முழுக்கக் கரையிலேயே கோவை பார்த்து, வயிற்றில் வண்டி வைத்து, பென்சன் எடுத்துக்கொண்டு வந்தான். அன்ரி அதைப் பார்க்க இருக்கவில்லை. சில வருடத்துக்கு முன் அவனைச் சந்தைக்கு முன்னால் கண்டேன். பதினாறு வயதில் மகன் இருக்கிறான் என்றான். பெடியன் விடிய எழும்புவானோ என்று கேட்க நினைத்து, மீனின் விலையைக் கேட்டுவிட்டு வந்தேன்.

எனக்கு அடிக்கடி நினைவு வருவது அந்த வெள்ளிக்கிழமைப் பின்னேரம். நாலு மணிக்கு எங்கள் படலை திறந்தது. சின்னவன் வருகிற நேரம். வந்தவர் அன்ரி. படியில் செருப்பைக் கழற்றினார். கழற்றினார் என்று சொல்லவும் கூடாது, காலிலிருந்து அவை விழுந்தன. ஒன்று சரிந்து கிடந்தது, மற்றது குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்து அவன் இருக்கும் கதவடிக் கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். குடிக்கவில்லை.

அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். முழங்கால் நோவால் ஒரு அலுவலுக்கும் லேசில் எழும்பாத மனிதர் எழும்பி, நிலையைப் பிடித்துக்கொண்டு படிக்கு இறங்கினார். குனிந்து அந்தச் செருப்பு இரண்டையும் எடுத்தார். சோடி சேர்த்து, முனை எங்கள் வீட்டைப் பார்க்க வைத்தார்.

அன்ரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணன், மாறி வெக்கிறீங்க?"

"இண்டைக்கு உங்களை ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்," என்றார் அப்பா. "இருங்கோ."

அவர் இருந்தார். பத்து நிமிடம் போனது, பிறகு ஒரு மணித்தியாலம் போனது. துறைமுகத்தில் வெடி போட்டார்கள், கோப்பைகள் கிலுங்கின. அன்ரி தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் பார்த்தார், நம்மட ஆக்கள் என்று சொல்லவில்லை. நான் பிட்டு அவித்தேன். மூவருமாகச் சாப்பிட்டோம். மகனைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அப்பா தன் பழைய மேலதிகாரி ஒருவரின் கஞ்சத்தனத்தைச் சொன்னார், அன்ரி கொஞ்சம் சிரிக்கவும் செய்தார்.

போகிற நேரம் அவருக்குச் செருப்புப் போட வரவில்லை. ஆயுள் முழுக்க நேரே கால் நுழைத்து நடந்தவர். கீழ்ப்படியில் இறங்கி, எங்கள் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகத் துழாவிப் போட்டார். போட்டு முடித்தும் அப்படியே எங்களைப் பார்த்தபடி நின்றார். மூத்தவனின் பெட்டி வந்த நாளில்கூட அழாத மனுசி அப்போதுதான் அழுதார்.